வீட்டுக் குப்பை, மறுசுழற்சி, எரிஉலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பிரித்துக் கொடுத்து என்ன பயன்? எல்லாவற்றையும் எரித்துவிட்டால் என்ன? புகை வருமா? சென்னையையும் தமிழ்நாட்டையும் மனதில் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறோம். விதிகளில் இருப்பது எது, எங்கள் கருத்து எது என்பது அந்தந்த இடத்திலேயே தெரியும்.

குப்பையைப் பிரித்துக் கொடுப்பது கட்டாயமா?

கட்டாயம்தான். 2016 ஏப்ரலில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை வீட்டுக்காரரின் கடமை என்று தெளிவாக எழுதின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். தெருவில் வீசக்கூடாது, கொளுத்தக்கூடாது, புதைக்கவும் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் மூன்று நான்காகிவிட்டது: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் தேவைப்படும் குப்பை.

விதிகளில் ஒரு வரிசையும் இருக்கிறது. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. முதலில் குப்பை உருவாகாமல் தடுப்பது, அப்புறம் குறைப்பது, திரும்பப் பயன்படுத்துவது, மறுசுழற்சி, எரிசக்தி போன்றவற்றை மீட்டெடுப்பது, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிடங்கில் கொட்டுவது. எரிஉலை இந்த வரிசையில் கடைசிக்கு முந்தைய படி. பெரிய தொகையில் ஒப்பந்தங்கள் போடப்படுவதோ கடைசி இரண்டு படிகளுக்குத்தான். இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கவலை இதுதான்.

எதை எதில் போடுவது?

சமையலறைக் கழிவு, மீந்த சாப்பாடு, பூ, இலை, முட்டை ஓடு, மீன் முள் எல்லாம் ஈரக் குப்பை. பேப்பர், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகரம், பழைய துணி, செருப்பு ஆகியவை உலர் குப்பை. நாப்கின், டயப்பர் போன்றவை சுகாதாரக் குப்பை. இவற்றைப் பேப்பரில் இறுக்கமாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். பெயிண்ட் டப்பா, பல்பு, டியூப் லைட், பாதரச வெப்பமானி, காலாவதியான மருந்து எல்லாம் தனிக் கவனம் தேவைப்படுபவை.

அடிக்கடி குழப்பம் வரும் சில பொருள்களையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் ஊறிய பேப்பர், சாம்பார் பட்ட அட்டை மறுசுழற்சிக்கு ஆகாது. சிறியதாகக் கிழித்து ஈரக் குப்பையில் போடலாம். பால் கவரை ஒரு தடவை அலசிக் காயவைத்தால் காயலான் கடைக்காரரே வாங்கிக்கொள்வார். அலசாமல் போட்டால் இரண்டே நாளில் நாறி, கூட இருக்கும் பேப்பரையும் கெடுத்துவிடும். இளநீர்க் கூடு மக்கும் பொருள்தான், ஆனால் மற்ற ஈரக் குப்பையோடு சேர்ந்து மக்க முடியாத அளவுக்குத் தடிமன். அதை மரக்கிளை, தென்னை மட்டையோடு தனியாகக் கொடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தடித்த பேப்பரில் சுற்றி, மேலே பேனாவால் எழுதி வையுங்கள். அதை வெறுங்கையால் எடுக்கப் போவது ஒரு மனிதர்.

நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?

எங்களுக்கு வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். இந்தக் கோபம் நியாயமானது. ஒரு வீடு பல மாதம் பொறுமையாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு நாள் காலை கண்ணெதிரே எல்லாம் ஒரே பெட்டியில் விழுவதைப் பார்த்ததும் அந்தப் பழக்கம் அன்றோடு நின்றுபோகும். யார் எவ்வளவு பிரசாரம் செய்தாலும் அந்த வீட்டைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

இது ஏன் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பணியாளரின் அலட்சியம் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் பல காரணங்கள் அவருக்கு மேலே இருக்கின்றன. பல நகரங்களில் நீண்டகாலமாக ஒப்பந்ததாரருக்கு எடைக்குத்தான் பணம். எவ்வளவு டன் கிடங்கில் கொட்டினாரோ அவ்வளவு ரூபாய். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் வீட்டிலேயே உரமாகிவிட்ட குப்பை அவருக்கு நஷ்டம். பிரித்துத் தனியே போன அட்டையும் நஷ்டம். ஈரமும் மண்ணும் சேர்ந்து எடை கூடினால் லாபம். ஒப்பந்தம் இப்படி இருக்கும்போது தெருமுனையில் என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வண்டி. பேட்டரி வண்டியில் பச்சை, நீலம் என்று தனித்தனித் தொட்டி இருக்கும். அந்த வண்டி போய்ச் சேரும் இடத்தில் ஒரே ஒரு பெரிய அமுக்கி லாரி நின்றால் இரண்டும் அதில்தான் போகும். அப்புறம் ஆள் பற்றாக்குறை. ஒரே ஆள் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்துவிட்டு, அவர் நின்று ஒவ்வொரு பையையும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் பணியாளரோடு சண்டை போடாதீர்கள். வண்டியையும் நேரத்தையும் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, தூய்மை ஆய்வாளரிடமும் வார்டு உறுப்பினரிடமும் எழுத்தில் கொடுங்கள். தெருவாகச் சேர்ந்து கொடுப்பது இன்னும் நல்லது. 'ஈரக் குப்பைக்கும் உலர் குப்பைக்கும் தனித்தனி வண்டி எங்கே?' என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பிரித்த குப்பையைப் பிரித்த நிலையிலேயே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் சட்டப்படியான கடமை.

மறுசுழற்சி என்று சொல்கிறார்களே, அது உண்மையில் நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் அதில் அரசின் பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. பழைய பேப்பர்காரர், காயலான் கடை, தெருவிலும் குப்பைமேட்டிலும் பொறுக்குபவர்கள், அவர்களிடம் வாங்கித் தரம்பிரிக்கும் மொத்த வியாபாரி என்று நீளும் ஒரு சங்கிலிதான் நம் ஊரில் மறுசுழற்சியைத் தூக்கி நிறுத்துகிறது. செய்தித்தாள், அட்டைப் பெட்டி, இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், கெட்டியான பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு விலை உண்டு. அதனால் அவை எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். விலை இல்லாதவைதான் கிடங்கில் கிடக்கின்றன.

பொறுக்குபவர்களையும் சிறு வியாபாரிகளையும் அடையாளம் கண்டு, கழிவு மேலாண்மையில் முறையாகச் சேர்க்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன. புனே நகரில் கழிவு பொறுக்குபவர்களின் சங்கம் 1993-இல் உருவானது. அதிலிருந்து வளர்ந்த 'ஸ்வச்' என்ற கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். உலர் குப்பையை விற்ற காசும் அவர்களுக்கே. பிரிக்கும் வேலையைச் செய்பவரே பிரித்த பொருளின் பலனை அடைகிறார், அதனால் பிரிப்பதில் அவருக்கு அக்கறை இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய நகரங்கள் இதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளாதது எங்களுக்கு வருத்தம்.

பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே இவற்றுக்கு என்ன வழி?

நல்ல வழி இல்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய படலங்களாக ஒட்டிய உறை இது. பிரித்தெடுக்கும் செலவு பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும், அதனால் காயலான் கடையில் வாங்கமாட்டார்கள். 'உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு' என்ற விதிப்படி, தாங்கள் சந்தையில் விட்ட அளவுக்கு ஈடான பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேகரிக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு. அதற்கான விரிவான வழிகாட்டுதல் 2022 பிப்ரவரியில் வந்தது. நடைமுறையில் இது பெரும்பாலும் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டுவதாக முடிகிறது. உறையை வேறு மாதிரி வடிவமைக்கச் சொல்லி நிறுவனத்தை நெருக்கும் அளவுக்கு இன்னும் போகவில்லை என்பது எங்கள் கருத்து. இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: பெரிய பாக்கெட்டாக வாங்குவது, மளிகைக் கடையில் பையும் டப்பாவும் கொண்டுபோய்ச் சில்லறையாக வாங்குவது, காலி உறையைச் சுத்தமாக உலர் குப்பையில் போடுவது.

பிளாஸ்டிக் தடை என்ன ஆயிற்று?

தமிழ்நாடு அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்து 2018 ஜூனில் ஆணை வெளியிட்டது. 2019 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல்தான் வந்தது. நம் தடை அதைவிட முந்தியது, கடுமையானதும்கூட. மத்திய விதிப்படி 120 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பை செல்லும். இங்கே எந்தத் தடிமனும் செல்லாது.

முதல் சில மாதம் ஊரே மாறியது. ஓட்டலில் பார்சலுக்குத் தூக்குச்சட்டி கொண்டு போனோம், கறிக்கடையில் தாமரை இலையில் கட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் கொரோனா வந்தது, சோதனை தளர்ந்தது, கவர் திரும்ப வந்துவிட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் கடைக்காரரை மட்டும் பிடித்து அபராதம் போட்டுக்கொண்டே, பை தயாரிக்கும் ஆலையையும் வெளிமாநிலத்திலிருந்து வரும் சரக்கையும் விட்டுவைத்தால் தடை காகிதத்தில்தான் இருக்கும். தள்ளுவண்டியில் கீரை விற்கும் அக்காவிடம் கண்டிப்புக் காட்டுவது எளிது. அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திட்டம் வேலை செய்ததா?

செய்தது. நீலகிரியில் காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலில் குத்துகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. நீதிமன்றம் வற்புறுத்த, 2022-இல் டாஸ்மாக் அங்கே இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. வாங்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும், 10 ரூபாய்க்காக வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்துவிடுகிறார். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமை கூடியதும் இடப் பற்றாக்குறையும் உண்மையான குறைகள். அவற்றை அரசு தீர்க்க வேண்டும்.

ஜெர்மனியில் 2003 முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் இப்படி முன்வைப்புத் தொகை உண்டு. இங்கே மது பாட்டிலுக்கு முடிந்தது தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் ஏன் முடியாது? நாங்கள் அரசிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது.

சரி, எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. முதல் காரணம் நம் குப்பையின் தன்மை. இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரக் குப்பை. கூடவே தெருமண்ணும் கட்டட இடிபாடும் வேறு. மீந்த சோறு, வாழைத்தண்டு, தர்பூசணித் தோல் இவற்றையெல்லாம் எரிக்க வேண்டுமென்றால், முதலில் அவற்றிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும்.

இதை டெல்லி எப்போதோ சோதித்துப் பார்த்துவிட்டது. 1987-இல் திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஒரு எரிஉலை கட்டினார்கள், நாளுக்கு 300 டன் எரிக்க. கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் தரும் குப்பை வரும் என்பது கணக்கு. வந்த குப்பையில் இருந்தது 600-லிருந்து 700 வரைதான். சோதனை ஓட்டமே 21 நாளில் நின்றது, பிறகு ஆலையையும் மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, குப்பையில் பிளாஸ்டிக்கும் கூடியிருக்கிறது. டெல்லி ஓக்லாவில் 2012 முதல் ஓர் ஆலை ஓடுகிறது. ஐதராபாத் ஜவகர் நகரில் ஓர் ஆலை ஓடுகிறது. ஆனால் இந்த முன்னேற்றத்தில் ஒரு முரண் இருக்கிறது. நன்றாக எரிவது எது? காய்ந்த அட்டை, பேப்பர், பிளாஸ்டிக். மறுசுழற்சிக்குப் போக வேண்டியதும் அதுவேதான். ஈரக் குப்பையைப் பிரித்து உரமாக்கி, விலைபோகும் உலர் குப்பையை மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டால் எரிஉலைக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம். கலப்படமாகவே எரித்தால் ஈரத்தால் வெப்பம் போதாது. நிதி, இடம், நீண்ட ஒப்பந்தம் எல்லாம் வேண்டிய ஒரு பெரிய ஆலைக்கு இந்த இரண்டு நிலையுமே ஒத்துவராது.

2016 விதிகளிலேயே, மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தரும் குப்பையைத்தான் எரிசக்திக்குப் பயன்படுத்த வேண்டும் என்று இருந்தது. கலப்படக் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுபோய் எரிப்பது விதி சொன்னதும் இல்லை, அதன் நோக்கமும் இல்லை.

புகை ஆபத்தானதா? வடிகட்டி இருக்கிறது என்கிறார்களே.

வடிகட்டி இருக்கும். அது எப்போதும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயாக்சின், ஃபியூரான் என்ற நச்சுகள் உருவாகின்றன. இவை உடலில் கொழுப்பில் தங்கும், பால், முட்டை, மீன் வழியாகத் திரும்பி நம் தட்டுக்கே வரும். அதனால்தான் விதிகள் எரிஅறை வெப்பம் 950 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது, அந்த வெப்பத்தில் வாயு குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டன. டயாக்சின், ஃபியூரான் அளவுக்கு ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்று வரம்பும் வைத்தன. ஈரமான குப்பை வந்தால் உலையின் வெப்பம் இறங்கும். மழைக்காலத்தில் நம் குப்பை எப்படி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. தூசு, கந்தக டை ஆக்சைடு போன்றவற்றை இடைவிடாமல் அளக்கும் கருவிகள் உண்டு. டயாக்சினை அப்படி அளப்பதில்லை. எப்போதாவது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். மாதிரி எடுக்கும் நாளில் ஆலை எப்படி ஓடியது என்பதற்கும் மற்ற நாள்களில் எப்படி ஓடியது என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வடசென்னை மக்கள் இதை எதிர்ப்பதற்கு வேறொரு வரலாறும் உண்டு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் சாம்பலும், கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் குப்பைமேடு. நகரத்தின் அழுக்கையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2025 மே மாதம் அவர்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது, நகரின் மற்றப் பகுதிகளில் இருக்கும் நாமும் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எரியப்போவது நம் வீட்டுக் குப்பையும்தான்.

எரித்த பிறகு சாம்பல்?

எடையில் ஐந்தில் ஒரு பங்காவது மிஞ்சும். மண் கலந்த குப்பை என்றால் இன்னும் அதிகம். அடியில் விழும் சாம்பல் ஒரு வகை. புகைபோக்கியின் வடிகட்டியில் சிக்கும் பறக்கும் சாம்பல் இன்னொரு வகை. ஈயம், காட்மியம், டயாக்சின் எல்லாம் இரண்டாவதில்தான் செறிந்திருக்கும், அதைப் பாதுகாப்பான தனிக் கிடங்கில்தான் வைக்க வேண்டும். ஆக, எரிஉலை வந்தாலும் கிடங்கு வேண்டும்.

சிங்கப்பூரும் ஜப்பானும் ஐரோப்பாவும் எரிக்கின்றனவே?

எரிக்கின்றன. அவர்களே இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் நிலம் இல்லை. எரித்த சாம்பலைப் படகில் கொண்டுபோய், 1999-இல் திறந்த செமாக்காவ் தீவுக் கிடங்கில் கொட்டுகிறார்கள். அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அந்நாட்டு அரசே கணக்குப் போட்டு, 2019-இல் குப்பையைக் குறைக்கும் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போவது அங்கே சமீப ஆண்டுகளில் 12 விழுக்காடு அளவில்தான். அடுக்குமாடியில் குப்பைக் குழாய் இருக்கிறது, போட்டால் போய்விடுகிறது, எரிந்துவிடுகிறது என்ற வசதி இருக்கும்போது பிரிக்கும் பழக்கம் வளரவில்லை.

டென்மார்க்கின் கதை இன்னும் தெளிவானது. வீடுகளுக்கு வெப்பம் கொடுக்க அங்கே நிறைய எரிஉலைகள் கட்டினார்கள். ஒரு கட்டத்தில் உலைக்குப் போட உள்ளூர்க் குப்பை போதாமல் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தார்கள். 2020-இல் அந்நாட்டு அரசு எரிக்கும் திறனைப் பத்தாண்டில் 30 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தது. நாம் 20, 25 ஆண்டு ஒப்பந்தம் போடுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டும். தினம் இத்தனை டன் குப்பை தருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட மாநகராட்சி, குப்பையைக் குறைக்கச் சொல்லி மக்களிடம் எப்படிப் பேசும்?

ஜப்பானிலேயே கமிகாட்சு என்ற சிற்றூர் 2003-இல் எரிப்பும் கிடங்கும் இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, குப்பையை 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்து, ஏறக்குறைய 80 விழுக்காட்டை மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. சில ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், சென்னைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எரிப்பதற்குப் பேர்போன நாட்டில் அப்படி ஓர் ஊர் உண்டு.

எரிஉலையும் வேண்டாம் என்றால் குப்பைமேடுதானா?

குப்பைமேடும் வேண்டாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது, அதன் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பன்னிரண்டு நாள் எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர். ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், மீத்தேன் தீப்பிடிக்கும். இந்த மூன்று ஊரிலும் மேட்டுக்குள் அழுகிக் கிடந்தது பிரிக்காத குப்பைதான்.

பழைய மேடுகளை 'பயோமைனிங்' முறையில் தோண்டிச் சலிக்கும் வேலை பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நடக்கிறது. மண், கல், எரியக்கூடிய பொருள் என்று பிரித்து, எரியக்கூடியதைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். சிமென்ட் சூளையின் வெப்பம் மிக அதிகம், சாம்பலும் சிமென்டோடு சேர்ந்துவிடும். மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்குக்கு இப்போதைக்கு இது ஓரளவு ஏற்கத்தக்க வழி. அந்த ஆலைகளையும் கண்காணிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

புதிய குப்பைக்கு நாங்கள் சுட்டும் உதாரணம் ஆலப்புழை. சர்வோதயபுரத்தில் இருந்த மையக் கிடங்கை 2012-இல் சுற்றுவட்டார மக்கள் தடுத்து மூடவைத்தார்கள். கொட்ட இடமில்லாமல் நகரம் திணறியது. அந்த நெருக்கடியில்தான் வீட்டுக்கு வீடு உயிர்வாயுக் கலன், குழாய் உரம், தெருவில் காற்றோட்ட உரத்தொட்டி என்று நகரம் மாறியது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஆலப்புழையை உலகின் முன்மாதிரி நகரங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. பெரிய நகரம்தான் வேண்டும் என்றால் இந்தூர் இருக்கிறது. வீட்டு வாசலிலேயே ஆறு வகையாகப் பிரித்து வாங்குகிறார்கள். ஈரக் குப்பை, நாளுக்கு 550 டன் திறனுள்ள ஆலையில் எரிவாயுவாகிறது. 2022 பிப்ரவரியில் அந்த ஆலை திறக்கப்பட்டது. வரும் குப்பை சுத்தமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால்தான் ஆலை ஓடுகிறது.

வீட்டிலேயே உரம் போடலாமா? நாற்றம் வருமே?

சரியாகச் செய்தால் வராது. மூடியுள்ள பழைய பக்கெட் ஒன்றில் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போடுங்கள். அடியில் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ ஒரு கைப்பிடி உயரத்துக்குப் பரப்புங்கள். தினமும் காய்கறிக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதே அளவு காய்ந்த பொருளால் மூடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மக்குவது சீக்கிரம் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். பக்கெட் நிறைந்ததும் இன்னொன்றைத் தொடங்கிவிட்டு, இதை நிழலில் ஒன்றரை இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். மண்வாசனை வந்தால் உரம் தயார்.

நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று பொருள், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். வெள்ளைப் பூஞ்சை வந்தால் நல்லது. தடித்த புழு வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் மக்கவைக்கத்தான் வருகிறது. குழம்பு, எண்ணெய்ச் சோறு, கறி, மீன் இவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். பால்கனி இல்லாத ஒற்றை அறை வீட்டில் இது சிரமம்தான். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வார்டுக்கு வார்டு நுண்ணுரக்கூடம், அதாவது ஈரக் குப்பையை உரமாக்கும் சிறு கூடம், வேண்டும் என்று கேட்கிறோம். இருக்கும் பல கூடங்கள் பிரிக்காத குப்பை வருவதால் பாதித் திறனில் முடங்கிக் கிடக்கின்றன.

அடுக்ககங்களுக்கும் ஓட்டல்களுக்கும் தனி விதி உண்டா?

உண்டு. நாளுக்கு 100 கிலோவும் அதற்கு மேலும் குப்பை உருவாக்குபவர் மொத்தக் கழிவு உருவாக்குபவர். 2026 விதிகளில் கட்டடப் பரப்பு, தண்ணீர்ப் பயன்பாடு ஆகியவற்றையும் வைத்து இதைத் தீர்மானிக்கிறார்கள். ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பொருளாகச் சேருங்கள்.

பக்கத்துக் காலிமனையில் குப்பையைக் கொளுத்துகிறார்கள். என்ன செய்வது?

சட்டப்படி குற்றம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்துத் தீர்ப்பு சொன்னது. வெப்பமும் குறைவு, வடிகட்டியும் கிடையாது என்பதால், எரிஉலையைவிட மோசமான டயாக்சின் இப்படிக் கொளுத்தும்போதுதான் வருகிறது. போகி அன்று டயர், பிளாஸ்டிக் பாய் எரிப்பதும் இதில் சேரும். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயையும் துணியையும் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாட்டை மாநகராட்சி போகிக்கு முன் செய்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

கிராமத்தில்?

ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். ஈரக் குப்பை பெரும்பாலும் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போய்விடுவதால், அங்கே மிஞ்சுவது பிளாஸ்டிக்கும் நாப்கினும்தான். அதைச் சேர்த்து வைக்க இடமும், ஒன்றிய அளவில் எடுத்துச் செல்ல வண்டியும் இல்லாததால் ஏரிக்கரையில் கொளுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது, அங்கே கேளுங்கள்.

தூய்மைப் பணியாளர்கள் நிலைமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள், தங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஒரு தெருவில் எந்த வீடு பிரிக்கிறது, எந்த வீடு பிரிக்கவில்லை, யாரிடம் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்பது அந்தத் தெருவில் பல ஆண்டு வேலை செய்தவருக்குத்தான் தெரியும். வேலை நிலையில்லாமல், கூலி குறைந்து, ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த அறிவு போய்விடும். நிலையான வேலை, கையுறை, காலணி, வண்டி இவற்றுக்குச் செலவழிப்பதும் மறுசுழற்சிக் கொள்கைதான்.

எங்கள் பகுதியில் எரிஉலை வருகிறது என்கிறார்கள். யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

பெரிய ஆலை என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் தேவைப்படும். கருத்துக்கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் கேளுங்கள். நேரில் போக முடியாதவர் எழுத்தில் கொடுக்கலாம், அதையும் பதிவு செய்ய வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. எங்கள் வார்டில் இன்று எத்தனை விழுக்காடு வீடுகளிலிருந்து பிரித்த குப்பை வருகிறது, அது பிரித்த நிலையிலேயே எங்கே போகிறது? ஆலைக்கு வரும் குப்பையின் ஈரப்பதமும் வெப்ப மதிப்பும் மழைக்காலத்தில் எவ்வளவு என்று சோதித்தீர்களா, அறிக்கை எங்கே? ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் குப்பை அளவு உண்டா? அந்த அளவு கொடுக்காவிட்டால் மாநகராட்சி இழப்பீடு தர வேண்டுமா? பறக்கும் சாம்பல் எந்த ஊரில் புதைக்கப்படும்? டயாக்சின் சோதனை ஆண்டுக்கு எத்தனை முறை, யார் செய்வார்கள், முடிவை எங்கே வெளியிடுவார்கள்? இதே பணத்தில் எத்தனை நுண்ணுரக்கூடமும் எத்தனை தனி வண்டியும் வாங்க முடியும் என்று கணக்குப் பார்த்தீர்களா?

வாயால் கேட்டதோடு விடாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுவாகவும் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வந்த பதிலைப் பகுதி சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுங்கள்.